கைகுலுக்கும் கூரை

பென்னாகரத்தில் ஹமீதுன்னிசாவின் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப் பெயர் சொன்னதில்லை. ஒகேனக்கல் ரோட்டில் போங்கள், கூரைமேல் கை குலுக்குகிற படம் தெரியும், அதுதான் என்பார்கள். அந்தக் கூரை வருஷம் முழுக்கக்கூட நிற்கவில்லை. இறக்கியபின் பல வருஷம் ஆகியும் ஊர் அதே அடையாளத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் அப்துல் கனி தகர வேலைக்காரன். வேலை தேடிப் பெங்களூர் போகிறேன் என்று அறுபத்தொன்றில் பஸ் ஏறினான். வேலையோடு இன்னொரு பெண்டாட்டியும் கிடைத்தாள் என்று பிறகு தகவல் வந்தது. இங்கே அவன் விட்டுப்போனது ஒரு தகரக் கத்திரி, ஒரு மரச்சுத்தி, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல், பத்து வயசு மகள் ஷகிலா. ஹமீதுன்னிசா கொஞ்ச நாள் அழுதாள். அப்புறம் கத்திரியைக் கையில் எடுத்தாள். புருஷன் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வேலைதான். என்ன, அவன் பீடி குடிக்க எழுந்து போகிற நேரத்தை இவள் வேலையில் போட்டாள்.

பொம்பளை தகரம் வெட்டுவதா என்று ஜமாத்தில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு படி அரிசி கொண்டுவந்து போட்டால் நாளைக்கே நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லியனுப்பினாள். அரிசி வரவில்லை, முணுமுணுப்பும் குறைந்தது. வாசலுக்கு ஒரு சாக்குத் திரை கட்டிக்கொண்டு அதற்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்தாள்.

அவள் கையில் வீண் என்று ஒன்று கிடையாது. டால்டா டப்பா படியாக மாறும். பிஸ்கட் டின்னின் மூடியில் ஆணியால் துளை போட்டால் சல்லடை. மை புட்டியில் தகர மூக்கு வைத்தால் படிக்கிற பிள்ளைகளுக்கு விளக்கு. கடைத்தெருவுக்குக் கரண்ட் வந்த பிறகு ஃப்யூஸ் போன பல்புகளைக் கேட்டு வாங்க ஆரம்பித்தாள். அடியைப் பக்குவமாக உடைத்து, உள்ளே இருக்கும் கம்பியைச் சுரண்டி எடுத்து, கழுத்துக்குத் தகரப் பட்டை போட்டு, திரி கோத்து, சீமெண்ணெய் ஊற்றித் தொங்கவிட்டால் அழகான விளக்கு. வத்தல்மலையிலிருந்து தேனும் சாமையும் கொண்டு இறங்குகிற சனங்கள் அதை விரும்பி வாங்கிப் போனார்கள். கரண்ட் இருக்கிறவன் தூக்கி எறிந்ததில் கரண்ட் இல்லாதவன் வீட்டுக்கு வெளிச்சம் போயிற்று. அவளுக்கு அதில் ஒரு குறும்பான சந்தோஷம் இருந்தது.

ஷகிலாவுக்குப் பதினாறு ஆனபோது தர்மபுரியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் தையல்காரன், சொந்த மெஷின் வைத்திருந்தான். பெண் பிடித்தது, பெண்ணின் கை வேலையும் பிடித்தது. போகிறபோது பையனின் அம்மா தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தாள். கரி பிடித்த பழைய மஞ்சம்புல். நாலைந்து இடத்தில் ஆகாசம் தெரிந்தது. ஆம்பிளைகள் பள்ளிவாசலில் உட்கார்ந்துகொள்வார்கள், எங்கள் வீட்டுப் பெண்கள் எங்கே உட்காருவது, மழை வந்தால் நகையும் பட்டும் என்னாவது என்று கேட்டாள். தகரமாவது போட்டுவிட்டுச் சொல்லியனுப்புங்கள், அடுத்த நோன்பு முடிந்து பார்க்கலாம் என்று பஸ் ஏறிவிட்டாள்.

அந்தப் பேச்சு ஹமீதுன்னிசாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஊருக்கெல்லாம் தகரம் வெட்டிக் கொடுக்கிறவள் வீட்டுக்குத் தகரம் இல்லை. கடையில் புதுத் தகடு வாங்குவது நினைத்துப் பார்க்கிற காரியம் இல்லை. அன்றையிலிருந்து அவளுக்குத் தூக்கத்திலும் கூரை, தொழுகையிலும் கூரை. கூரை இருந்தால் ஷகிலாவுக்குக் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

அப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியான உப்புமா போட்டார்கள். ரவையும் எண்ணெயும் அமெரிக்காவிலிருந்து வந்தன. எண்ணெய் சதுர டின்னில் வரும். டின்னின் முகத்தில் இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்துக் குலுக்குகிற படம் அச்சடித்திருக்கும். சமைக்கிற பெரியம்மாள் ஹமீதுன்னிசாவுக்குச் சிநேகிதி. எப்போதாவது ஒரு காலி டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவாள், பதிலுக்கு ஒரு விளக்கோ புனலோ வாங்கிப் போவாள். இருவரும் சாக்குத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டே டீ குடிப்பார்கள்.

சாப்பாட்டுக் குழுவுக்குத் தலைவர் கிருஷ்ணப்பன். நிலபுலம் உள்ளவர், எங்கே கல்யாணம் என்றாலும் முதல் பந்தியில் உட்காருகிறவர். ஒருநாள் அவரே ஹமீதுன்னிசாவின் வாசலுக்கு வந்து நின்றார். அவர் ஆள் மாரப்பன் மாட்டு வண்டி நிறையக் காலி டின்களோடு பின்னால் நின்றான்.

“பொண்ணு கல்யாணத்துக்குக் கூரை வேணும்னு பெரியம்மா சொன்னா, பாயம்மா. இந்த டின்னெல்லாம் சும்மாதான் கெடக்குது. எடுத்துக்கோங்க. இன்னும் வேணும்னாலும் மாரப்பன் கொண்டாந்து போடுவான்” என்றார்.

ஹமீதுன்னிசா முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து ஐந்து வேளைத் தொழுகையிலும் கிருஷ்ணப்பனுக்கு ஒரு துஆ உண்டு. பெற்ற அப்பனுக்குக்கூட அவள் அத்தனை கேட்டதில்லை. வண்டி பல முறை வந்தது. இத்தனை டின் எண்ணெயும் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா தின்றார்கள் என்று அவள் ஒருமுறைகூட நினைக்கவில்லை. தேவை கழுத்தை நெரிக்கிறவளுக்கு அந்தக் கேள்வி எங்கே தோன்றும்?

வேலையை ஆரம்பித்தாள். டின்னின் தலையையும் அடியையும் வெட்டி எடுத்து, மூட்டில் கத்திரி விட்டுப் பிரித்து விரித்தால் ஒரு நீளத் தகடு. ஒரு தகட்டின் ஓரத்தை மேலே மடித்து, அடுத்ததின் ஓரத்தைக் கீழே மடித்து, ஒன்றுக்குள் ஒன்று கொக்கி மாதிரி மாட்டி, மரச்சுத்தியால் தட்டிப் படியவைத்தாள். ஆணி அடிக்கிற இடத்தில் எல்லாம் பழைய சைக்கிள் ட்யூபில் வட்டம் வெட்டி ஆணித்தலைக்கு அடியில் வைத்தாள், துளை வழியாகத் தண்ணீர் இறங்காது. ரோடு போட்டுவிட்டுப் போனவர்கள் எறிந்த பீப்பாயில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டிக் காய்ச்சி மூட்டுக்கு மூட்டு தடவினாள். வெட்டி எடுத்த அடித்தகடுகள் தராசுத் தட்டாகிச் சந்தைக்குப் போயின. ஷகிலா கீழே நின்று தகடு எடுத்துக் கொடுப்பாள். உன் மாமியார் வந்து இதுக்குக் கீழே உட்காரும்போது என்ன குறை சொல்லுவாள் பார்ப்போம் என்று தாய் மேலிருந்து கேட்பாள், பெண் வெட்கப்பட்டுக்கொண்டு சிரிப்பாள்.

பாதிக் கூரை முடிந்திருந்தபோது கிருஷ்ணப்பன் அந்த வழியாக வந்தார். அண்ணாந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. வெயிலில் வரிசை வரிசையாகக் கைகள் பளபளத்தன.

“படத்த உள்பக்கமா திருப்பிப் போட்டுருங்க பாயம்மா. பாக்க அசிங்கமா இருக்குது” என்றார்.

ஹமீதுன்னிசா மேலேயிருந்து சிரித்தாள். “படம் இருக்கற பக்கந்தானுங்களே பெயிண்டு இருக்குது, தலைவருங்க. வெறுந்தகரத்த மேல போட்டா ரெண்டே மழைல துரு புடிச்சுரும்” என்றாள்.

அவர் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார். காரணம் கேட்டால் என்ன சொல்வது? செருமிக்கொண்டே போய்விட்டார். உபகாரம் செய்தவர், அழகு பார்க்கிறார் போலிருக்கிறது என்று இவள் நினைத்துக்கொண்டாள். தகரம் அறிந்த கை படத்தை மேலேதான் போடும். அவளுடைய தொழில் புத்திதான் அவளைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று அவளுக்கு யார் சொல்வது?

நோன்பு முடிந்து தையல்காரப் பையனின் அம்மா வந்தாள். புதுக்கூரைக்குக் கீழே பாய் விரித்து உட்காரவைத்தார்கள். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. அந்த அம்மாள் மேலே பார்த்து, சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு, நாள் குறித்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு ஜீப் வாசலில் நின்றது. தர்மபுரியில் இருந்த ஒரு அதிகாரி குடும்பத்தோடு ஒகேனக்கல் அருவி பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுச் சாமான்கள் அவர் பொறுப்பில்தான் இருந்தன. ஹமீதுன்னிசாவுக்கு அது தெரியாது. சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர் தன் கூரையை நின்று பார்க்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. அவர் கேட்கக் கேட்கச் சொன்னாள். மடிப்பு எப்படிப் போட்டது, தார் எங்கே கிடைத்தது, ட்யூப் வட்டம் எதற்கு என்று ஆசை ஆசையாகச் சொன்னாள். புருஷன் போன பிறகு அவள் வேலையை அத்தனை கவனமாக யாரும் கேட்டதில்லை.

டின் யார் கொடுத்தது என்று கடைசியாகக் கேட்டார். அதையும் பெருமையாகத்தான் சொன்னாள். அவர் ஜீப்பில் ஏறினார். அருவிக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பினார்.

மறுநாள் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் அதிகாரி, கிருஷ்ணப்பன், பெரியம்மாள், வேடிக்கை பார்க்க அரைவாசி ஊர். காலி டின்னை ஒப்படைத்து ஏலம் விடவேண்டும் என்பது சட்டமாம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அந்தக் கூரையில் இருக்கிற அளவுக்கு டின் காலியாகியிருந்தால் பிள்ளைகள் உப்புமாவில் எண்ணெய் மிதந்திருக்க வேண்டும். பிள்ளைகளோ வறட்டு உப்புமாவைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் எங்கே போயிற்று?

கிருஷ்ணப்பன் நிதானமாகப் பேசினார். தான் குழுவுக்குத் தலைவர், சமையலறைக்குள் போய்ப் பார்க்கிறவர் இல்லை. டின் யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. எண்ணெயையும் டின்னையும் யார் எடுத்தது என்பது கூரையைப் பார்த்தால் தெரியவில்லையா என்றார். அவர் தானமாகக் கொடுத்தது என்னவென்று ஹமீதுன்னிசாவுக்கு அந்த நிமிஷத்தில்தான் விளங்கியது. எண்ணெயை வடித்து விற்றுவிட்டு, வெறும் டின்னை மறைக்க இடம் தேடியிருக்கிறார். படத்தை உள்பக்கம் போடு என்று சொன்னதற்கும் இப்போது பொருள் தெரிந்தது. அவருக்காகக் கேட்ட துஆ எல்லாம் நெஞ்சில் நெருப்பாய் எரிந்தது.

“பெரியம்மாளக் கேளுங்க சார். அவளுக்குத் தெரியும்” என்றாள்.

பெரியம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் வீட்டில் வாய்கள் இருந்தன, அந்த வேலையைக் கொடுத்ததே கிருஷ்ணப்பன்தான். “பாயம்மாதான் வந்து வந்து எடுத்துட்டுப் போனாங்க சார். நான் வேணாம்னுதான் சொன்னேன்” என்றாள். மாரப்பனைத் தேடினால் அவன் மாமியார் ஊருக்குப் போயிருந்தான்.

அன்று சாயங்காலம் ஜமாத் தலைவர் அன்வர் பாஷா வீட்டுக்கு வந்தார். கெட்டவர் இல்லை. கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்தார், கிருஷ்ணப்பன் நிலத்துக்கு வேண்டிய கலப்பைக் கொழுவெல்லாம் அங்கேயிருந்துதான் போகும். போலீசுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளக் கிருஷ்ணப்பனே பெரிய மனசு பண்ணி அதிகாரியிடம் பேசி ஒப்புக்கொள்ளவைத்திருக்கிறார், கூரையை இறக்கித் தகரத்தைப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டால் போதும் என்றார். நான் திருடவில்லை என்று ஹமீதுன்னிசா குர்ஆன்மேல் கை வைக்கத் தயாரானாள். அவர் தடுத்தார்.

“நீ திருடலைன்னு எனக்குத் தெரியும்மா. வாய மூடிக்கிட்டு இறக்கிக் குடுத்துரு. நீ பேசினா அவரு ஒருத்தரு மாட்டுவாரு. அப்புறம் இந்த ஊருல நாம எல்லாரும் மாட்டுவோம்” என்றார்.

திருடியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நம்புகிறவரே வாயைப் பொத்துகிறார் என்றால் நம்பாதவரிடம் போய் என்ன பேசுவது? ஷகிலாவைப் பார்த்தாள். அவள் அடுப்புக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூரையைப் பிடுங்கப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். கடப்பாரை போட்டால் தகடு கிழிந்துவிடும். ஹமீதுன்னிசா அவர்களை நிறுத்திவிட்டுத் தானே மேலே ஏறினாள். மடிப்பு மடிப்பாகப் பிரித்து, ஒரு கீறல் விழாமல் இறக்கிக் கொடுத்தாள். கீழே நின்றவர்களில் ஒருத்தி, எவ்வளவு நெஞ்சழுத்தம் பார் என்றாள். செய்த வேலை நாசமாகிறதைப் பார்க்க முடியாதவளின் வேதனை அவளுக்கு நெஞ்சழுத்தமாகத் தெரிந்தது. என்ன ஜன்மங்களோ.

தர்மபுரிக்குச் செய்தி போக ஒரு பஸ் போதும். வேறு இடம் பார்த்துவிட்டோம் என்று பையன் வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஷகிலா அழவில்லை. வீட்டில் இருந்த பாத்திரத்தையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டுப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் கிடந்த தகரத்தை ஏலம் விட்டார்கள். ஊரில் யாரும் போட்டிக்கு வரவில்லை. எப்படி வருவார்கள்? ஏலம் கேட்டது கிருஷ்ணப்பன். ஒகேனக்கல் ரோட்டிலேயே ஹமீதுன்னிசாவின் வாசலில் நின்றால் தெரிகிற தூரத்தில் அவருக்கு ஒரு மாட்டுக் கொட்டகை இருந்தது. அவள் வெட்டிய தகடு அதே மடிப்போடு அங்கே ஏறியது. கைகள் மட்டும் உள்பக்கம் போயின, மாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன. இந்த வீட்டில் மறுபடியும் மஞ்சம்புல் ஏறியது.

அடுத்த வருஷம் ஷகிலாவைக் கம்பைநல்லூரில் ஒருவருக்குக் கொடுத்தார்கள். மிளகாய் வியாபாரி, முதல் மனைவி இறந்து இரண்டு பிள்ளைகள், நாற்பதுக்குப் பக்கம் வயசு. அவர்கள் கூரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் அவர்களும் இல்லை, மறுக்கிற இடத்தில் இவர்களும் இல்லை. பெரியம்மாள் கல்யாணத்துக்கு வந்து தூரத்தில் நின்றாள். ஹமீதுன்னிசா அவளைச் சாப்பிடச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

எழுபத்தொன்றில் ஷகிலா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து பெண் குழந்தை பெற்றாள். அந்த மழைக்காலத்தில் கிருஷ்ணப்பனின் கொட்டகை ஒழுக ஆரம்பித்தது. வெறுந்தகரம் துருப்பிடித்துவிட்டது, பொட்டுப் பொட்டாக ஓட்டை. வேறு ஆட்களை விட்டுப் பார்த்தார்கள், அந்த மடிப்பு யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் மாரப்பன் வந்து சாக்குத் திரைக்கு வெளியே நின்று, தலைவர் கூப்பிடுகிறார் என்றான்.

போகக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு போடவேண்டும், பல்பு விளக்கு வாங்க மழையில் மலையிலிருந்து யாரும் இறங்கவில்லை. கத்திரியை எடுத்துக்கொண்டு போனாள். மேலே ஏறித் தகட்டைத் தொட்டபோது கை தன் வேலையை அடையாளம் கண்டுகொண்டது. நாசமாக்கி வைத்திருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது. ஓட்டைகளை ஈயம் வைத்து அடைத்தாள். எல்லாத் தகட்டையும் கழற்றிப் படத்தை மேல்பக்கம் திருப்பினாள்.

“படம் மேல இருந்தாத்தான் நிக்குமுங்க. அன்னிக்கே சொன்னேன்” என்றாள்.

கிருஷ்ணப்பன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். “போட்டுக்கோங்க பாயம்மா. இப்ப யாரு கேக்கப் போறா” என்றார்.

கேட்பார்கள் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்காகவே ஒவ்வொரு தகட்டையும் துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினாள். ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும். என் வீட்டில் இருந்தபோது திருட்டு என்றீர்களே, இங்கே இருந்தால் என்ன பெயர் என்று யாராவது ஒருத்தன் கேட்கமாட்டானா? சந்தைக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். வெற்றிலை போட்டுக்கொண்டு ஒருவன் நின்று பார்த்தான். நல்ல கொட்டகை என்று சொல்லிவிட்டுப் போனான்.

வேலை முடிகிற அன்று ஒரு ஜீப் வந்து நின்றது. அதே அதிகாரி. பதவி உயர்ந்திருந்தார், உடம்பும் பருத்திருந்தது. கிருஷ்ணப்பன் ஓடிப்போய் அழைத்துவந்தார். மழைத்தூறலுக்கு ஒதுங்கி இருவரும் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து மோர் குடித்தார்கள். ஹமீதுன்னிசா ஓரத்தில் ஏணிமேல் நின்று கடைசி ஆணிகளை அடித்துக்கொண்டிருந்தாள். அதிகாரி வரும்போதே கூரையை அண்ணாந்து பார்த்திருந்தார், படம் கண்ணில் படாமல் இருக்க முடியாது.

அவர் மோரை வைத்துவிட்டு, கூரை நன்றாக அமைந்திருக்கிறது, யார் போட்டது என்று கேட்டார்.

கிருஷ்ணப்பன் ஏணிப் பக்கம் கை காட்டினார். “பாவம், புருசன் வுட்டுட்டுப் போன பொம்பள சார். நம்மளால ஆனது, அப்பப்ப வேலை குடுத்து வச்சிருக்கறோம்” என்றார்.

அதிகாரி அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததோ இல்லையோ, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நல்ல காரியம் என்று கிருஷ்ணப்பனைப் பார்த்துத் தலையாட்டினார். ஹமீதுன்னிசாவுக்கு வாய் திறந்தது. அன்வர் பாஷா சொன்ன பேச்சு நினைவுக்கு வந்தது. அது போக, வீட்டில் படுத்திருக்கிற பச்சை உடம்புக்காரி. ஹமீதுன்னிசா திறந்த வாயை மூடவும் முடியாமல், இன்னும் நாலு ஆணி வேண்டும் என்று மாரப்பனிடம் கேட்டாள்.

வேலை முடித்து வீட்டுக்கு வந்தபோது மழை வலுத்துவிட்டது. மஞ்சம்புல் வழியாக மூன்று இடத்தில் சொட்டியது. சொட்டுகிற இடத்தில் எல்லாம் ஷகிலா டின் வைத்திருந்தாள். குழந்தை அவள் பக்கத்தில் தூங்கியது. வாசலில் நின்று ஜீப்பைப் பார்த்திருக்கிறாள்.

“ஆபீசரு என்னம்மா சொன்னாரு?” என்று கேட்டாள்.

ஹமீதுன்னிசா கத்திரியைத் துடைத்து மாடத்தில் வைத்தாள். “கூரை நல்லா இருக்குதாம். யாரு போட்டதுன்னு கேட்டாரு” என்றாள்.

புதிதாக ஒரு சொட்டு பாயில் விழுந்தது. ஷகிலா குழந்தையை இந்தப் பக்கம் நகர்த்திப் படுக்கவைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு டின்னை வைத்தாள்.